தகவல் பாதுகாப்பு முகாமைத்துவம் படிப்பிச்ச அனுபவம்: ஒரு கொமினிகேசன் கடையும் ஒரு சீஆர் கொப்பியும்

திருநெல்வேலியிலிருந்து, விரிவுரையாளர்:

மூன்றாம் வருடப் பிள்ளையளுக்கு இந்தப் பாடத்தை எடுக்கத் தொடங்கி ஆறு வருடமாகுது. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஒரே கேள்விதான் வரும்: "சேர், ஹக்கிங் எப்ப தொடங்குவம்?" தொடக்கத்தில் நான் அதற்குப் பதிலாக, தகவல் பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001 ஐத் தூக்கிக்கொண்டு போனேன். 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள், அதாவது பாதுகாப்பு ஏற்பாடுகள். நிறுவனம் சார்ந்தவை 37, ஆட்கள் சார்ந்தவை 8, இடம் சார்ந்தவை 14, தொழில்நுட்பம் சார்ந்தவை 34. பெடியள் பாடமாக்கிச் சோதனையில் எழுதினார்கள். ஆனால் அச்சுறுத்தல் எது, பலவீனம் எது, இடர் எது என்று கேட்டால் மூன்றையும் மாறி மாறி எழுதினார்கள். தமிழில் யோசிக்கும்போது அவர்களுக்கு மூன்றும் 'ஆபத்து' என்ற ஒரே சொல்தான்.

அதை நேராக்கியது எங்கட வேலி. கத்தரிப் பாத்திதான் சொத்து. பக்கத்து வளவு ஆடு அச்சுறுத்தல். வேலியில் இருக்கிற பொட்டு, அதாவது ஓட்டை, பலவீனம். ஆடு அந்தப் பொட்டுக்குள்ளால் வந்து பாத்தியை மேய்ந்துவிடக்கூடும் என்பது இடர். பொட்டை அடைக்கலாம். கத்தரி நடாமலே விடலாம். பாத்தியைக் குத்தகைக்குக் குடுத்து நட்டத்தில் பங்கு போடலாம். பக்கத்து வீட்டு அக்கா அதாலதான் தினமும் வந்து போறா, அடைக்க ஏலாது என்று தெரிந்துகொண்டே விடவும் செய்யலாம். இடரைக் கையாளும் நாலு வழியும் இதற்குள் வந்துவிடும். "பொட்டு இருக்கெண்டு தெரிஞ்சு விடுறதும் தெரியாமல் இருக்கிறதும் ஒண்டில்லை" என்று ஒரு மாணவன் சொன்னான். நான் ஒரு மணித்தியாலம் கதைத்தும் விளங்கப்படுத்த முடியாததை அவன் ஒரு வசனத்தில் முடித்துவிட்டான்.

தகவல் பாதுகாப்பின் நோக்கங்களான இரகசியத்தன்மை, முழுமைத்தன்மை, கிடைக்கும்தன்மை என்ற மூன்றில் கடைசியை, அதாவது தேவைப்படும்போது தகவல் கையில் இருப்பதை, படிப்பிக்க யாழ்ப்பாணத்தில் உதாரணம் தேடத் தேவையில்லை. பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. 97,000 வரையான நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. சிலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. இதைச் சொல்லிவிட்டு, ஒரேயொரு பிரதி மட்டும் இருப்பதுதான் பலவீனம் என்று பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

"சேர், எரிச்சது குற்றம். நீங்கள் பிரதி எடுக்காதவையில பிழை எண்ட மாதிரிச் சொல்லுறியள்."

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. அவள் சொன்னது சரி. இடர்ப் பதிவேட்டில் 'பலவீனம்' என்ற நிரல் பழி எழுதுகிற இடமில்லை, எங்கட கையில் இருப்பதை எழுதுகிற இடம், எரித்தவரின் குற்றத்தில் அது ஒரு துளியையும் குறைக்காது என்று சொன்னேன். இப்போது ஒவ்வொரு வருடமும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் நூலகத்துக்கு வருகிறேன். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருடைய இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் மின்வடிவில் இருப்பதையும் காட்டுகிறேன். பிள்ளையள் தங்கள் ஊர்ப் பாடசாலை மலர் அதில் இருக்கிறதா என்று உடனே தேடுவார்கள்.

நான் முக்கியமாக எழுத வந்தது கடைக் கதையை. ஒவ்வொரு குழுவும் ஒரு சின்ன இடத்தைத் தெரிவுசெய்து இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். ஒரு குழு, ஸ்கேன், பிரின்ட் எடுத்துக் குடுக்கிற கொமினிகேசன் கடை ஒன்றை எடுத்தது. போகமுதல் முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னேன். கோப்பின் பெயரைப் பார்க்கலாம், எந்தக் கோப்பையும் திறக்கக்கூடாது என்றேன். அனுமதி இல்லாமல் ஒருவரின் கணினிக்குள் போவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். படிப்புக்காகச் செய்தோம் என்ற சாட்டு அங்கே நிற்காது.

கடைக் கணினியின் திரை முழுக்க அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், காணி உறுதி எல்லாவற்றினதும் ஸ்கேன். பிள்ளையள் எண்ணத் தொடங்கி, 300 தாண்டினதும் விட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே வட்ஸ்அப் திறந்தபடி. பிரின்ட் எடுக்க ஆக்கள் அனுப்பினது எல்லாம் அதற்குள். அந்தத் திரை றோட்டைப் பார்த்தபடி இருந்தது.

இது ஏன் பாரதூரம் என்று அடுத்த வகுப்பில் காட்டினேன். ஒரு பிள்ளையிடம் அடையாள அட்டை இலக்கத்தின் முதல் ஏழு இலக்கத்தை மட்டும் கேட்டேன். முதல் நாலும் பிறந்த வருடம், 2001. அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, 532. பெண்களுக்கு 500 கூட்டுவார்கள், மிச்சம் 32, அதாவது பெப்ரவரி 1. "உம்மட பிறந்தநாள் பெப்ரவரி ஒண்டு" என்றேன். பின்னுக்கு இரண்டு பேர் போனை எடுத்துக் கடவுச்சொல்லை மாற்றத் தொடங்கினார்கள். காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை.

குழு திரும்பப் போய், எல்லாத்தையும் அழியுங்கோ என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறது. அவர் கோபப்படவில்லை.

"தம்பியவை, 95 இல நாங்கள் ஒரு பையோட வெளிக்கிட்டனாங்கள். துலைச்சிட்டு வந்து நிண்ட சனத்தை நான் கண்டிருக்கிறன். இப்ப ஒரு பிள்ளை வந்து, 'அண்ணை, போன வருசம் ஸ்கேன் பண்ணின பேர்த் சேர்ட்டிபிகேற் இருக்கோ' எண்டு கேட்டால், இல்லையெண்டு சொல்ல எனக்கு மனம் வராது."

பிள்ளையள் அதை அப்படியே அறிக்கையில் எழுதி வந்தார்கள். அதை வாசித்த பிறகுதான் எனக்கு இந்த ஊர் விளங்கியது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வைக் கண்ட சனத்துக்கு ஆவணம் தொலைந்து போவதுதான் பயம். அதிலுள்ள தகவல் வெளியே போவது இன்னும் பயமாகவில்லை. இரகசியத்தை முதலில் வைத்து நாங்கள் படிப்பித்தால் அது அவர்களின் காதில் ஏறாது. தொலைவதிலிருந்து தொடங்கித்தான் வெளியே போவதுக்கு வரவேணும். 2022 தரத்தில் 8.10 ஆம் கட்டுப்பாடு தகவலை அழிப்பது பற்றியது, 8.13 பிரதி எடுத்து வைப்பது பற்றியது. இரண்டும் ஒரே பிரிவில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. முதலாளி 8.13 ஐச் செய்துகொண்டிருந்தார், 8.10 ஐ அவருக்கு யாரும் சொல்லவில்லை. தேவைக்கு மேலான காலம் தனிநபர் தரவை வைத்திருக்கக்கூடாது என்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்லுது.

பிள்ளையள் இரண்டையும் சேர்த்து ஒரு வழி கண்டார்கள். ஸ்கேன்கள் நாளுக்கு ஒரு போல்டரில். சனிக்கிழமை கடை பூட்டமுதல் அழிக்கிறது. வைத்திருக்கச் சொல்லிக் கேட்கிறவர் தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியில் பெயர் எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். அந்த ஸ்கேன் மட்டும் பூட்டுப் போட்ட பென்ட்ரைவில் லாச்சிக்குள். திரையை உள்பக்கம் திருப்புவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கிளிநொச்சியைச் சேர்ந்த பழைய மாணவி:

அந்தக் குழுவில் நானும் இருந்தனான். ஒன்று நாங்கள் அறிக்கையில் எழுதவில்லை, சேர். முதலாளி கதைக்கும்போது எனக்கு அம்மாவின் சொப்பிங் பைதான் ஞாபகம் வந்தது. 2009 இல் உடுப்புப் பையை விட்டவ, அந்தப் பையை விடவில்லை. எங்கட மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழும் அதற்குள்தான் வந்தது. மழைக்கு நனைஞ்ச கறை என்னுடையதில் இன்னும் இருக்கு. அதனால்தான் திரும்பவும் 'அழியுங்கோ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கொப்பி யோசனையைச் சொன்னேன். இப்போது கொழும்பில் கணக்காய்வுக் குழு ஒன்றில் வேலை. எந்த நிறுவனத்துக்குப் போனாலும், வெளியாள் இணையத்தால் உள்ளே வராமல் தடுக்கிற பயர்வோலைப் பற்றிப் பிறகுதான் கேட்பேன். முதல் கேள்வி, "இந்தத் தகவலுக்குப் பொறுப்பு ஆர்?" அனேகமான இடங்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

கொக்குவிலிலிருந்து, டிப்ளோமா மாணவருக்குப் படிப்பிப்பவர்:

சேர் சொல்வதில் பாதியைத்தான் நான் ஏற்பேன். எல்லாத்தையும் இடப்பெயர்வில் கொண்டுபோய் முடிக்கக்கூடாது. என் மாணவர்கள் பயிற்சிக்குப் போன ஒரு அலுவலகத்தில் மேசைக் கண்ணாடிக்குக் கீழே கடவுச்சொல் எழுதின துண்டு இருந்தது. ஐந்து பேருக்கும் ஒரே கடவுச்சொல். ஏன் என்று கேட்டதுக்கு அங்கே இருந்த அக்கா சொன்னா, "நான் லீவில நிண்டால், காலமை பஸ் பிடிச்சு வந்து நிக்கிற சனத்தை ஆர் பாக்கிறது?" ஆளுக்கொரு கணக்கு எடுக்கக் கடிதம் போட்டு மாதக்கணக்காகியும் வரவில்லையாம். அதைப் பயம் என்று எழுத ஏலாது. மேலே இருக்கிறவர் தன் வேலையைச் செய்யவில்லை, கீழே இருக்கிறவர் சனத்துக்காக விதியை மீறுகிறார். என் மாணவர்கள் அறிக்கையில் 'ஊழியரின் கவனயீனம்' என்று எழுதி வந்தார்கள். திருப்பிக் குடுத்து, 'முகாமைத்துவத்தின் கடப்பாடு' என்ற தலைப்பின் கீழ் மாற்றி எழுதச் சொன்னேன். பாடத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கு.

திருநெல்வேலியிலிருந்து, விரிவுரையாளர்:

ஏற்கிறேன். அடுத்த தவணை உங்கட கண்ணாடிக் கதையை வகுப்பில் சொல்லப்போகிறேன், எந்த அலுவலகம் என்பதை விட்டுவிட்டு. கடைக்குப் போன கிழமை போயிருந்தேன். திரை உள்பக்கம் பார்த்தபடி இருக்கு. கொப்பியில் இரண்டு பக்கம் நிரம்பியிருக்கு, அனேகமாக வயது போன ஆக்களின் கையெழுத்து. சனிக்கிழமை அழிப்பது சில கிழமை தவறுதாம், அதை அவரே சொன்னார். வெளிக்கிடும்போது கேட்டார்: "சேர், பிள்ளையள் திரும்ப எப்ப வருவினம்? வட்ஸ்அப்பில வாறதை என்ன செய்யிறதெண்டு அவையள் இன்னும் சொல்லேல்லை."