மறுமொழி: மரக்கட்டையில் குடியிருக்கும் தேனீக்குத் தமிழ்ப் பெயர் – ‘தொன்னைத் தேனீ’ ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில், ரோஜாப் பாத்தியை ஒட்டி ஒரு பழைய அங்சானா மரக்கட்டை கிடக்கிறது. (நம் ஊர் வேங்கைக்கு நெருங்கிய உறவு இந்த அங்சானா.) அதன் பக்கத்தில் நான்கு மொழிகளில் ஒரு சிறு பலகை வைக்கப் போகிறோம். மூன்று மொழிகளும் எழுதி முடிந்துவிட்டன. தமிழ் வரி மட்டும் பாக்கி. இலையை வெட்டிக் கொண்டுவந்து அந்தக் கட்டையில் கூடு கட்டும் தேனீக்கு (ஆங்கிலத்தில் leafcutter bee) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று அதற்காகத்தான் சென்ற வாரம் உங்களிடம் கேட்டேன். வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் கட்டைக்கு எதிரே உட்கார்ந்து, அந்தப் பூச்சியைப் பார்த்துக்கொண்டே எடைபோட்டேன்.

முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். காலை வெயில் கட்டையின் மீது விழுந்தபின் தேனீ வரத் தொடங்கும். ரோஜா இலையின் விளிம்பில் கால்களால் பற்றிக்கொண்டு, தாடையால் வளைத்து அறுக்கும். சில நொடிகள்தான். துண்டு கழன்று விழுவதற்குள் தேனீயும் அதோடு சேர்ந்து பறந்துவிடும். இலைத் துண்டு அதன் வயிற்றுக்கடியில் குழலாகச் சுருண்டிருக்கும். கட்டையில் வண்டு குடைந்துவிட்டுப் போன பழைய துளைக்குள் அதை இழுத்துக்கொண்டு நுழையும். காதை வைத்தால் உள்ளே மெல்லிய ரீங்காரம் கேட்கும்.

துண்டுகள் இரண்டு வகை என்பதைக் கவனித்தபோதுதான் எனக்குப் பெயர் பிடிபட்டது. நீள்வட்டத் துண்டுகள் சுவருக்கு; ஏறக்குறைய முழுவட்டத் துண்டுகள் மூடிக்கு. நீள்வட்டத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, ஓரங்களை மென்று ஒட்டி, அடி மூடிய ஒரு கிண்ணம் செய்கிறது. அதில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைக்கிறது. அதன்மேல் ஒரே ஒரு முட்டை. பிறகு வட்டத் துண்டுகளால் மூடி. அந்த மூடிக்கு மேலேயே அடுத்த கிண்ணம். இப்படித் துளை நிறையும்வரை வரிசையாக அடுக்கிக்கொண்டே வருகிறது. உள்ளே ஆழத்தில் பெண் முட்டைகள், வாசலுக்கு அருகே ஆண் முட்டைகள். மகன்கள் முதலில் வெளியேறி மகள்களுக்கு வழிவிடுவார்கள்.

இலையால் கிண்ணம் செய்து அதில் உணவை வைத்துக் கொடுப்பதற்குத் தமிழில் என்ன பெயர்? கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிய எவருக்கும் தெரியும். தொன்னை. ஆகவே இதைத் ‘தொன்னைத் தேனீ’ என்று அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

இனி உங்கள் பரிந்துரைகள்.

‘இலைவெட்டித் தேனீ’ என்பதைத்தான் பலரும் சொன்னீர்கள். ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றிலும் ‘இலை வெட்டும்’ என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது, பலகையில் நான்கும் ஒத்திருக்க வேண்டாமா என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ‘மரங்கொத்தி’, ‘மீன்கொத்தி’ என்ற பெயர்களைப் பாருங்கள். அந்தச் செயல்தான் அவற்றுக்குச் சோறு போடுகிறது. அதே அச்சில் ‘இலைவெட்டி’ என்றால், இலையைத் தின்னும் பூச்சி என்றுதான் கேட்பவர் மனம் எடுத்துக்கொள்ளும். இந்தத் தேனீயோ இலையை ஒரு துணுக்குகூடத் தின்பதில்லை. இது கற்பனைக் கவலை இல்லை. எங்கள் தோட்டத்து அக்கா ஒருவரிடம் நானே முதலில் ‘இலைவெட்டி’ என்றுதான் சொன்னேன். மறுநாள் அவர் ரோஜாச் செடிக்கு மருந்து தெளித்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. நான் சொன்ன பெயர் அதைத்தான் செய்யச் சொன்னது. அதன்பின் ஐந்து நாள் கட்டைப் பக்கம் ஒரு தேனீயும் வரவில்லை. அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் இலை வெட்டும் எறும்புகள் இருக்கின்றன. அவை இலையைச் சுமந்துபோய் அதில் பூஞ்சை வளர்த்து உண்பவை. பாடப்புத்தகங்களிலும் தொலைக்காட்சியிலும் பிள்ளைகள் பார்ப்பது அவற்றைத்தான். ஒரே முன்னொட்டு இரண்டையும் குழப்பும்.

கட்டும் கூட்டைக் கொண்டு பெயர் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. தூக்கணாங்குருவியை ஆங்கிலம் ‘நெய்யும் பறவை’ என்கிறது. நாமோ தொங்கும் கூட்டைப் பார்த்துப் பெயரிட்டோம். அந்தக் குருவி சிங்கப்பூரிலும் உண்டு. பெயரைச் சொன்னதும் கூடு கண்முன் வந்துவிடுகிறது.

‘தையல் தேனீ’ அழகான பெயர்தான். ஆனால் தையல்சிட்டு உண்மையாகவே இலையைத் தைக்கிறது. இந்தத் தேனீ தைப்பதில்லை, ஒட்டுகிறது. தொன்னையையும் ஈர்க்குக் குத்தித்தானே தைக்கிறோம் என்று நீங்கள் மடக்கலாம். நான் கடன் வாங்குவது தொன்னையின் வடிவத்தையும் பயனையும் மட்டுமே.

‘பேருதட்டுத் தேனீ’ என்ற பரிந்துரை அறிவியல் பெயரின் நேர்ப்பொருள். மெகாகைலி என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பெரிய உதடு என்று பொருள். இதைப் பேரினத்தின் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு, genus) பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், அதற்குக் காரணமும் உண்டு. மெகாகைலிகள் எல்லாமே இலையைக் கொண்டு கட்டுபவை அல்ல. சில, மரப்பிசினைக் கொண்டுவந்து அறை கட்டுகின்றன. 1854-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கிய இயற்கையியலாளர் வாலஸ், 1858-இல் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் உள்ள பச்சானில் கண்டெடுத்த மாபெரும் தேனீயும் இந்தப் பேரினம்தான். அது கறையான் புற்றுக்குள் பிசினால் கூடு கட்டுவது. நெடுங்காலம் கண்ணில் படாமலிருந்து, 2019-இல் உயிரோடு படம்பிடிக்கப்பட்டது. ஆகவே பேரினம் பேருதட்டுத் தேனீ, அதற்குள் இலையால் கட்டுபவை தொன்னைத் தேனீ, பிசினால் கட்டுபவை பிசின்பூச்சுத் தேனீ. வெறும் ‘பிசின் தேனீ’ என்றால், பிசினால் கூடு கட்டும் கொசுத் தேனீயோடு கலந்துவிடும்.

தொன்னை என்றால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். எல்லாருக்கும் தெரியாதுதான். அதனால் பலகையில் தொன்னையின் சிறு படம் ஒன்றையும் தேனீயின் இலைக்கிண்ணத்தையும் அருகருகே வரையலாம். ஒரு பூச்சியின் வழியாக ஒரு தமிழ்ச்சொல் பிள்ளைக்குக் கிடைத்தால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

அடையாளம் காணும் பகுதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்:

“கட்டைத் துளையின் வாய் பச்சை இலைவட்டத்தால் மூடியிருந்தால் உள்ளே தொன்னைத் தேனீயின் பிள்ளைகள் இருக்கின்றன. துளைக்குக் கீழே புதிய மரத்தூள் குவிந்திருந்தால் அது தச்சன் தேனீயின் வீடு. தச்சன் தானே மரத்தைக் குடையும். தொன்னைத் தேனீ இருக்கும் துளையில் குடிபுகும். மற்றத் தேனீக்கள் பலவும் பின்கால்களில் மகரந்தத்தைச் சுமக்கும். இது வயிற்றின் அடிப்பக்கத்து மயிரில் சுமக்கும். ரோஜா, காகிதப்பூ இலைகளின் ஓரத்தில் வழவழப்பான அரைவட்ட வெட்டு இருந்தால், அது இதன் வேலை. செடி அதனால் சாகாது. மருந்து தெளிக்க வேண்டாம், கட்டையை நகர்த்த வேண்டாம்.”

அந்த வயிற்றடி மயிருக்கு ‘தாதுத் தூரிகை’ என்று எழுதலாமா? ‘மகரந்தத் தூரிகை’ எளிது, ஆனால் பலகையில் இடம் குறைவு. தொன்னைத் தேனீயின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் கூர்வயிற்றுத் தேனீக்கு நீங்கள் தந்த ‘குயில் தேனீ’யை அப்படியே ஏற்கிறேன். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை அறிந்த நமக்கு அதற்கு விளக்கமே தேவையில்லை.

‘இலைவெட்டித் தேனீ’யை முற்றிலும் தள்ளச் சொல்லவில்லை. தேடுபவர்கள் அந்தச் சொல்லால்தான் தேடுவார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டாவது பெயராக இருக்கட்டும். பலகையில் முதலில் நிற்க வேண்டியது எது என்பதுதான் என் கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமை எழுத்து அச்சுக்குப் போகிறது. இன்று காலை கட்டையில் மூன்றாவது துளையும் மூடப்பட்டுவிட்டது.