அம்மாவின் ஆறு மாத ஊசி

2014-இல் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட டாக்டர், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்ட அடர்த்திக் கணக்கு, மைனஸ் 3.1. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை, எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நோய், என்றார்.

முதலில் வாரம் ஒரு மாத்திரை, அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம். விலை பெரிதாக இல்லை, காப்பிதான் பிரச்சினை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, வேறு எதுவும் வாயில் படக் கூடாது. ஐந்து மணிக்கே டிகாஷன் இறக்குகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எரிச்சல். ஒன்றரை வருஷத்தில் நெஞ்சு கரிக்கிறது என்று நிறுத்திவிட்டார். (பாதி நெஞ்செரிச்சல், பாதி காப்பி என்பது என் கணிப்பு.)

பிறகு டெனோசுமாப். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஒரு ஊசி. எங்களுக்கு அப்போது கிடைத்தது வெளிநாட்டுக் கம்பெனி மருந்துதான். விலையைக் கேட்டு அம்மா, "ஒரு கம்மல் வாங்கலாமே" என்றார். ஐஸ் பாக்கெட்டோடு வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைப்போம்.

2019 அக்டோபரில் போட்டதற்கு அடுத்தது 2020 ஏப்ரலில். ஊரடங்கு. கடையில் சரக்கில்லை, கிளினிக் பூட்டிக் கிடந்தது. கடை திறந்த பிறகும் அம்மா, "இத்தனை நாள் தாங்கின எலும்பு இன்னும் கொஞ்ச நாள் தாங்காதா?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாத்திரையாக இருந்தால் ஓரளவு நியாயமும்கூட. அந்த வகை மருந்து எலும்பிலேயே படிந்து நிறுத்திய பிறகும் வேலை செய்யும். இந்த ஊசி தங்காது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைத்திருக்கும், மருந்து தீர்ந்ததும் அவை மொத்தமாகக் கிளம்பிவிடும். கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள் என்று எலும்பு மருத்துவச் சங்கங்கள் அந்த ஊரடங்கிலேயே சொல்லியிருந்தனவாம். எனக்குத் தெரிய வந்தது நவம்பரில், அம்மா குனிந்து பூப் பறித்து முதுகு பிடித்துக்கொண்ட பிறகு. எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன.

எலும்பை வளர்க்கும் டெரிபாரடைட் பேனா ஊசி போடலாமா என்று கேட்டேன். டெனோசுமாபிலிருந்து நேராக அதற்குத் தாவினால் கொஞ்ச காலத்துக்கு எலும்பு இன்னும் இறங்கும் என்று சொல்லி, பழைய ஊசியையே மறுபடி ஆரம்பித்தார்கள். இப்போது இந்தியத் தயாரிப்புகள் வந்துவிட்டன. கடைக்கார அண்ணன் நாலு பெயர் சொல்லி எது வேண்டும் என்கிறார். கம்மல் விலை மூக்குத்தி விலை ஆகிவிட்டது. ஆனால் வாழ்நாள் முழுக்க இதுதானா? வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி, கோவையிலிருந்து

என் மாமியார் இந்த ஊசியிலிருந்து வெளியே வந்துவிட்டார். கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் முடிந்ததும், ஏழாவது ஊசிக்குப் பதிலாக சோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இதுவும் எலும்பில் படிந்து தங்கும் அந்த மாத்திரை வகைதான். முன்னதாக சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி பார்த்தார்கள். பல் பிடுங்குகிற வேலை இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகிற சிக்கல் அபூர்வம்தான், ஆனாலும் உண்டு. டிரிப்ஸ் ஏற்றிய அன்றிரவு மாமியாருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும். "கொரோனா வந்துடுச்சு" என்று ஒரே ரகளை. பாராசிட்டமாலில் இரண்டாம் நாளே எழுந்து உட்கார்ந்தார். அதற்கப்புறமும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று கண்காணிப்பு ஓடுகிறது, ஒரு டிரிப்ஸோடு கணக்கு முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

மறுமொழி, நியூ ஜெர்சியிலிருந்து

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். இங்கே 2010-இல் புரோலியா என்ற பெயரில் வந்ததிலிருந்து எலும்புப்புரைக்கு அது ஒன்றுதான் டெனோசுமாப். 2024 மார்ச்சில் வேறு கம்பெனியின் டெனோசுமாபான ஜுபான்டிக்கு அனுமதி கிடைத்தது, கைக்கு வந்தது 2025 ஜூனில். பின்னாலேயே வரிசையாக மற்றவையும் வருகின்றன. என் அத்தைக்கு இன்ஷூரன்ஸிலிருந்து கடிதம்: பழையதற்கு இனி பணம் தரமாட்டோம், மாற்றிக்கொள்ளுங்கள். அத்தை என்னிடம், "டூப்ளிகேட்டாடி?" என்றார். இல்லை அத்தை, அதே மருந்தைப் போலவே வேறு கம்பெனி செய்யும் பயோசிமிலர், சோதித்துத்தான் அனுமதிக்கிறார்கள் என்று புரியவைக்க ஒரு வாரமானது. அதற்குள் இன்ஷூரன்ஸ் அனுமதிப் படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. என் பயம் மருந்தைப் பற்றியதில்லை, படிவம் அலைகிற நேரத்தில் தேதி தாண்டிவிடுமோ என்பதுதான்.

இன்னொன்று. 2008-இல் இங்கே அலெண்ட்ரோனேட்டின் ஜெனரிக் (மற்ற கம்பெனிகளின் மலிவுப் பதிப்பு) வந்து விலை சரிந்த நேரத்தில்தான், தாடை எலும்பு ஆறாது, தொடை எலும்பு உடையும் என்ற பக்கவிளைவுச் செய்திகள் பரவி, மக்கள் மாத்திரையையே விட்டுவிட்டார்கள். எடுத்துப் பேச விளம்பரமும் இல்லை. மலிவான மருந்துக்கு வக்கீல் கிடையாது.

முதலில் எழுதியவர்

நன்றி அக்கா, இருவருக்கும். டிரிப்ஸ் பற்றி டாக்டரிடம் கேட்கப் போகிறேன். அடுத்த ஊசித் தேதியை அம்மாவே காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். பக்கத்தில், "காப்பி குடித்துவிட்டுப் போகலாம்."