இரவு விடுதியில் பலகுரல் மேடை: தம்பியை அனுப்பலாமா?

கேள்வி (சுங்கை சிப்புட்டிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 23. பகலில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஓய்வு நாள்களில் திருமண விருந்துகளிலும் மாரியம்மன் கோயில் திருவிழாக்களிலும் பலகுரல் நிகழ்ச்சி நடத்துகிறான். நடிகர்களின் குரல்களை எல்லாரும் செய்வதுபோல்தான் அவனும் செய்வான். ஆனால் தோட்டத்தில் தண்டலாக, அதாவது தொழிலாளர்களை மேற்பார்ப்பவராக, இருந்து காலமான எங்கள் அப்பா, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதை அவன் செய்து காட்டும்போது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

கோலாலம்பூரில் ஓர் இரவு விடுதியில் சனிக்கிழமைதோறும் பதினைந்து நிமிடம் மேடையேற அழைத்திருக்கிறார்கள். குடிக்கிற இடத்தில் அப்பாவின் குரலை விற்கக் கூடாது என்று அம்மா மறுக்கிறார். இதை நம்பி ஒருவன் பிழைக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

தம்பிக்கு என் வாழ்த்துகள். நான் சில ஆண்டுகள் அத்தகைய மேடைகளில் நின்றவன். கோயில் திடலில் கூட்டம் நமக்காகவே உட்கார்ந்திருக்கும். விடுதியில் அவர்கள் பேச வந்தவர்கள், நாம்தான் குறுக்கே நிற்கிறோம். ஆகவே முதல் அரை நிமிடத்திலேயே எல்லாருக்கும் தெரிந்த ஒரு குரலைக் கொடுத்துவிட வேண்டும். இரைச்சலை வெல்லக் கத்தினால் குரல்நாண்களில் காய்ப்பு விழும். ஒலிபெருக்கியை நம்பி, மைக்கை உதட்டருகே பிடித்துப் பேசப் பழகட்டும். சம்பளத்தை மேடையேறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். என்னிடம் ஒரு விடுதிக்காரர் மூன்று மாதம் "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தொழிற்சாலை வேலையை இப்போதைக்கு விட வேண்டாம்.

மறுமொழி 2

பிழைப்பைப் பற்றிக் கேட்டதால் வான் மீடரின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. 1936இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்த இவர், நியூயார்க்கில் சிறிய விடுதிகளில் நகைச்சுவை செய்துகொண்டிருந்தார். அதிபர் கென்னடியின் குரல் இவருக்கு அச்சாக வந்தது. 1962இல் கென்னடி குடும்பத்தை வைத்து வெளிவந்த இவருடைய நகைச்சுவை இசைத்தட்டு 70 லட்சத்துக்கும் மேல் விற்று, அடுத்த ஆண்டு சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதையும் பெற்றது. 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். தட்டுகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மக்கள் சிரித்து மகிழ்ந்த அதே குரலை அதன் பிறகு யாராலும் கேட்க முடியவில்லை. 2004இல் இறக்கும்வரை மீடருக்கு அந்த உயரம் மீண்டும் வாய்க்கவில்லை.

அவருடைய திறமையில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் ஒரே மனிதரின் உயிரில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதே என்னை இன்றும் வருத்துகிறது. தம்பி பத்துக் குரல்களாவது கைவசம் வைத்திருக்கட்டும். அவற்றுக்கு நடுவே தன் சொந்தக் குரலில் பேசவும் கற்கட்டும். மயில்சாமியும் தாமுவும் பலகுரலில் தொடங்கி, தங்கள் முகத்துக்கும் பேச்சுக்கும் ஓர் இடம் பிடித்தவர்கள்தாம்.

மறுமொழி 3

அம்மாவின் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒன்று சொல்கிறேன். கனடாவில் பிறந்து, அமெரிக்க அதிபராக இருந்த நிக்சனைப் போலப் பேசிப் பெயர் பெற்றவர் ரிச் லிட்டில். நடிகர் டேவிட் நிவென் 1983இல் இறப்பதற்கு முன், நரம்பு நோயால் பேச்சுக் குழறிப்போனபோது, அவருடைய கடைசிப் படங்களில் அவருக்காகக் குரல் கொடுத்தவர் இந்த லிட்டில்தான். கேலிக்காகக் கற்ற வித்தை, ஒருவரின் குரல் போனபின் அதைக் காத்தும் கொடுத்திருக்கிறது. அப்பாவின் குரலை அம்மா சம்மதிக்கும்வரை விடுதிக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். மற்ற குரல்களோடு போகட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தம்பி சனிக்கிழமை போகிறான். அப்பாவின் குரலைச் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். நேற்றிரவு வீட்டில் மட்டும் ஒருமுறை செய்து காட்டினான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டார். முடிந்ததும், "பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் உங்கப்பா ஒரு தரம் செருமுவார், அதை விட்டுட்டியேப்பா" என்று சொல்லி, எப்படிச் செருமுவார் என்று அவரே செய்து காட்டினார்.