மீன் தீனியில் ஈஸ்ட் கலந்து கொடுத்தவர்களின் அனுபவம்

கொட்டகலையிலிருந்து:

லயத்துக்குக் கீழே பீலித் தண்ணீரைத் திருப்பி, சீமெந்துத் தொட்டி கட்டிக் கெண்டை வளர்க்கிறோம். தென்மேற்கு மழை தொடங்கினால் போதும், குஞ்சுகள் சோர்ந்து ஓரமாக ஒதுங்கும், செட்டையடியில் சிவப்பாகப் புண் வரும். உடனே அன்டிபயோட்டிக் தூள் வாங்கிக் கொட்டுவதுதான் இங்கே வழக்கம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தொட்டித் தண்ணீர் கீழே ஓடையில்தான் போய்ச் சேருகிறது, அங்கேதான் ஆட்கள் குளிக்கிறார்கள்.

அதனால் பேக்கரிக்கு வாங்கும் உலர் ஈஸ்ட்டைக் கொடுத்துப் பார்த்தோம். நைல் திலாப்பியா குஞ்சுகளை வைத்து எகிப்தில் செய்து 2008இல் வெளியான ஆய்வில், ஒரு கிலோ தீனிக்கு 1 கிராம் போதும் என்று கண்டிருக்கிறார்கள். கெண்டை வேறு மீன்தான், ஆனாலும் அந்த அளவிலேயே தொடங்கினோம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்துத் தீனி உருண்டைகள் மேல் தெளித்து, நிழலில் உலர்த்தி, அப்புறம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவோம். எண்ணெய் இல்லாவிட்டால் தொட்டியில் விழுந்ததுமே ஈஸ்ட் கழன்று போகும். நம்ம ஊர் ஈரத்துக்கு அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மிச்சம் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தத் தீனி மீனின் ஈரலையே கெடுக்கும்.

அடுத்த மழைக்குப் புண் வந்த மீன்கள் வெகு குறைவு. ஈஸ்ட்டின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற ஒருவகை மாச்சத்து இருக்கிறது. மீனின் உடம்பு அதைக் கண்டதும் நோய் வருமுன்பே உஷாராகிவிடும், கள்ளன் படலையைத் தொடுமுன் நாய் குரைக்கிற மாதிரி. அதே சுவரிலுள்ள மன்னான் என்ற இன்னொரு மாச்சத்து, சில கெட்ட பக்டீரியாக்களைத் தன்னோடு ஒட்டவைத்துக் குடலில் பற்றவிடாமல் தடுக்கிறது. ஆனால் எல்லாம் ஈஸ்ட்டால்தான் என்று சொல்ல மாட்டேன். குளிர் நாட்களில் தீனியையும் குறைத்தோம், அடியில் தேங்கிய கழிவையும் அடிக்கடி வெளியேற்றினோம். குளிரில் மீன் குறைவாகத்தான் தின்னும். போட்டது கிடந்து அழுகினால் தண்ணீரில் அமோனியா ஏறும், அதற்கு எந்த ஈஸ்ட்டும் மருந்தில்லை.

கினிகத்தேனையிலிருந்து:

எங்கள் பக்கம் சூடு கொஞ்சம் கூட, அதனால் திலாப்பியாதான். அண்ணன் சொன்ன அந்த வெதுவெதுப்பு ரொம்ப முக்கியம். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் தவிடும் புண்ணாக்கும் வேகும்போதே ஈஸ்ட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். செல் சுவர் மிஞ்சும் என்பதால் முழுக்க வீணில்லை, ஆனால் குடலுக்குள் உயிரோடு போய் வேலை செய்ய ஒன்றும் இருக்காது. நன்றாக ஆறவிட்டுக் கலக்கச் சொன்னேன், இப்போது அப்படித்தான் செய்கிறார்.

இன்னொன்று, புண் முற்றித் தீனி எடுக்காத மீனுக்கு இதைக் கொடுத்துப் பயனில்லை, வாய்க்குள்ளேயே போகாதே. குஞ்சு விட்டு அது தீனி எடுக்கத் தொடங்கியதுமே கொடுங்கள்.