டிசையர் இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஏஎம்டி: இரண்டு பில்களுக்கு இடையே ஒன்றரை லட்சம் வித்தியாசம் ஏன்?

திண்டுக்கல் ஆசிரியை (கேள்வி, அக்டோபர் 2025)

அனைவருக்கும் வணக்கம். என் கணவரும் நானும் மாமனார், மாமியாருடன் சேர்ந்து பயணம் செய்வதற்காக மாருதி சுசுகி டிசையரின் உச்ச வகையான இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஏஎம்டி (தானியங்கி கியர்) வண்டியை வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். 11 லட்சத்துக்குமேல் போகக் கூடாது என்பது எங்கள் வரம்பு. உள்ளூர் விற்பனை நிலையம் ஒன்று கொடுத்த கொட்டேஷனில் எக்ஸ் ஷோரூம் விலை 9,31,000, ஆயுட்கால வரி 1,21,030, இன்சூரன்ஸ் 46,000, 'அத்தியாவசியத் துணைப்பொருள் தொகுப்பு' 18,000, கையாளும் கட்டணம் 7,500, கூடுதல் வாரண்டி 15,000, ஃபாஸ்டேக் 500 என்று போட்டு மொத்தம் 11,39,030 ரூபாய் காட்டியிருக்கிறார்கள்.

என் சந்தேகம் இதுதான். என் கணவரின் நண்பர் இதே வகையை இதே மாவட்டத்தில் 2024 டிசம்பரில் வாங்கியபோது மொத்தம் 12,95,060 ரூபாய் ஆனதாகப் பில்லைக் காட்டினார். அவருக்கு எக்ஸ் ஷோரூம் விலை 10,14,000. ஜிஎஸ்டி குறைந்தது எனக்குத் தெரியும். ஆனால் எக்ஸ் ஷோரூம் விலையில் 83,000 மட்டுமே குறைந்திருக்க, மொத்தத்தில் 1,56,030 ரூபாய் எப்படிக் குறையும்? எதையாவது விட்டுவிட்டுப் பிறகு கேட்பார்களோ என்று அஞ்சுகிறேன். வண்டி பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். ஆண்டில் சில முறை கொடைக்கானல் போய் வருவோம்.

வரிக்கணக்கர் (பதில்)

சகோதரி, கொட்டேஷனில் எதுவும் விடுபடவில்லை. உங்கள் நண்பர் வாங்கிய காலத்தில் அந்த ஒரு வகை மட்டும் தமிழ்நாட்டில் 10 லட்ச ரூபாய் என்ற கோட்டைத் தாண்டியிருந்தது. இப்போது அது கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய காருக்கான ஆயுட்கால வரி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று வசூலிக்கப்படுகிறது. கோட்டைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்று வருமான வரியைப்போல் இதைக் கணக்கிடுவதில்லை. தாண்டினால் முழு விலைக்கும் உயர்ந்த விகிதம்தான். எனவே உங்கள் நண்பர் 10,14,000க்கு 18 சதவீதமாக 1,82,520 செலுத்தியிருப்பார். நீங்கள் 9,31,000க்கு 13 சதவீதமாக 1,21,030 செலுத்துகிறீர்கள். இதிலேயே 61,490 ரூபாய் வித்தியாசம் வந்துவிட்டது. இதற்கு மேல், 10 லட்சத்தைத் தாண்டும் வாகனத்துக்கு விற்பனையாளர் 1 சதவீதம் டிசிஎஸ் (வாங்குபவர் பெயரில் முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும் என்பதால் அவரிடம் 10,140 ரூபாய் பிடித்திருப்பார்கள். இந்த இரண்டையும் எக்ஸ் ஷோரூம் வித்தியாசமான 83,000உடன் கூட்டினால் 1,54,630 ரூபாய் ஆகிறது. எஞ்சிய 1,400 ரூபாய் இன்சூரன்ஸ், துணைப்பொருள் போன்றவற்றில் வந்த வேறுபாடாக இருக்கும்.

எக்ஸ் ஷோரூம் விலை குறைந்ததற்கும் கணக்கு இருக்கிறது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம் மட்டுமே. 10,14,000ஐ 1.29ஆல் வகுத்து 1.18ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9,27,500 வரும். இடையில் நிறுவனம் விலையைச் சற்று ஏற்றியதால் இன்று 9.31 லட்சத்தில் நிற்கிறது.

நண்பரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். அந்த 10,140 ரூபாய் வாகன வரி அன்று; அவர் பெயரில் முன்கூட்டிச் செலுத்தப்பட்ட வருமான வரி. அவர் பெயரில் பிடிக்கப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது பதிவாகியிருக்கும். 2024-25 நிதியாண்டுக்கான கணக்கில் அதைக் காட்டாமல் விட்டிருந்தால், 2025 டிசம்பர் 31க்குள் திருத்தப்பட்ட கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

பழைய டிசையர்காரர் (பதில்)

மேலே சொன்ன கணக்குடன் ஒன்றைச் சேர்க்கிறேன். 2024 நவம்பர் 11 அன்று நான்காம் தலைமுறை டிசையர் அறிமுகமானபோது, உச்ச வகைக்கு ஒரு படி கீழான இசட்எக்ஸ்ஐ ஏஎம்டி 9.34 லட்சம், இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஏஎம்டி 10.14 லட்சம். விலைப்பட்டியலில் 80,000 ரூபாயாகத் தெரிந்த இடைவெளி, தமிழ்நாட்டில் வரியும் டிசிஎஸ்ஸும் சேர்ந்தபோது ஒன்றரை லட்சமாக வீங்கியது. உச்ச வகையில் மட்டும் வரும் சன்ரூஃபுக்காக அன்று ஒன்றரை லட்சம் கொடுத்தவர்களின் பொறுமையை நான் வியக்கிறேன். இன்று அதே இடைவெளி வரியையும் சேர்த்து ஏறத்தாழ 80,000 ரூபாய்தான். எனவே அன்று அநியாயமாக இருந்த உச்ச வகை இன்று பரிசீலிக்கத் தக்கதாகிவிட்டது.

ஆனாலும் பரிசீலித்த பிறகு நான் இசட்எக்ஸ்ஐ வகையிலேயே நின்றுவிடுவேன். உயிர்காக்கும் அம்சங்களில் வகைக்கு வகை பாகுபாடு இல்லை என்பதே இந்த வண்டியின் பெரிய நல்ல குணம்: ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி, மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட், ஐந்து இருக்கைகளுக்கும் மூன்று புள்ளி சீட் பெல்ட் ஆகியவை அடிப்படை வகையான 6.26 லட்ச ரூபாய் எல்எக்ஸ்ஐயிலேயே வந்துவிடுகின்றன. குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரமும் இதற்குக் கிடைத்தன. முந்தைய தலைமுறை இரண்டு நட்சத்திரத்தோடு நின்ற வண்டி. அதை ஓட்டியவன் என்ற முறையில் இதை நான் சிறிய மாற்றமாக நினைக்கவில்லை.

அடுத்த வகையான விஎக்ஸ்ஐயில் ஏழு அங்குலத் தொடுதிரையும் பின் இருக்கைக்கான ஏசி துவாரங்களும் வந்துவிடுகின்றன. முதியவர்கள் பின்னால் அமரும் வீட்டுக்கு அந்தத் துவாரங்களே முதல் தேவை. இசட்எக்ஸ்ஐயில் எல்இடி முகப்பு விளக்கு, தானியங்கி ஏசி, பொத்தான் ஸ்டார்ட், அலாய் சக்கரம் ஆகியவை சேர்கின்றன. இரவில் நான்கு வழிச்சாலையில் போகிறவருக்கு அந்த விளக்கு கொடுத்த காசுக்குத் தகும். பிளஸ் வகையில் கூடுவது சன்ரூஃப், 360 டிகிரி கேமரா, ஒன்பது அங்குலத் திரை போன்றவை. சித்திரை வெயிலில் திண்டுக்கல்லில் சன்ரூஃபின் திரையை யார் திறக்கப் போகிறார்கள்? குறுகிய தெருவில் வீடு இருந்தால் அந்தக் கேமராவுக்காக மட்டும் பிளஸ் எடுப்பதை நான் மறுக்க மாட்டேன்.

திண்டுக்கல் ஆசிரியை

இரண்டு ஐயாக்களுக்கும் மிக்க நன்றி. கணக்கு இப்போது தெளிவாகிவிட்டது. எங்கள் வீடு அகலமான தெருவில்தான் இருக்கிறது. வரம்புக்கு மேல் போகும் 39,000 ரூபாயைக் குறைக்க, இன்சூரன்ஸையும் மற்ற கட்டணங்களையும் பற்றிப் பேச முடியுமா? மலைப்பாதையில் ஏஎம்டி சரிவருமா?

வரிக்கணக்கர் (பதில்)

கையாளும் கட்டணம் அரசுக்குச் செல்லும் தொகை அன்று. அது எந்தச் சட்டப்படி வாங்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டணம் கொட்டேஷனிலிருந்து மறைந்துவிடும். துணைப்பொருள் தொகுப்பும் உங்கள் விருப்பம்தான். கால்மிதி, சேற்றுத் தடுப்பு ஆகியவற்றை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். புதிய வண்டியின் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் உள்ள விதி. அதற்குத் தனிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வழக்கமான வாரண்டியே மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று இருப்பதால், கூடுதல் வாரண்டிக்கு நீங்கள் இன்றே அவசரப்படத் தேவையில்லை.

இன்சூரன்ஸில்தான் பேச இடம் அதிகம். மூன்று ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு அதன் பிரீமியம் 10,640 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 12,555 ரூபாய். இது எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் மாறாது. மாறுவது சொந்தச் சேதத்துக்கான ஓராண்டுப் பிரீமியமும் அதன்மேல் ஏற்றப்படும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தருவது), எஞ்சின் பாதுகாப்பு போன்ற இணைப்புகளும்தான். விற்பனை நிலையத்திலேயே எடுக்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. எனவே அதே வாகன மதிப்பையும் அதே இணைப்புகளையும் சொல்லி வெளியில் இரண்டு இடங்களில் விலை கேட்டு, அந்தத் தாள்களை அவர்களிடம் காட்டுங்கள். ஜீரோ டெப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம். மேலும், யார் பெயரில் வண்டி பதிவாகிறதோ அவருக்கு 15 லட்ச ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால், இன்னொரு முறை அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

மலைப்பாதை ஓட்டுநர் (பதில்)

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு அடிக்கடி ஏறி இறங்குகிறவன் என்பதால் ஏஎம்டி பற்றி மட்டும் சொல்கிறேன். இது உண்மையில் சாதாரண மேனுவல் கியர்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை இயக்குகிறது. எனவே கியர் மாறும்போது ஒரு சிறு தயக்கம் இருக்கும். அது தட்டையான சாலையில் உறுத்தாது. கொண்டை ஊசி வளைவில் நான்கு பேரோடும் சாமான்களோடும் ஏறும்போது உறுத்தும். அப்போது கியர் குச்சியை மேனுவல் நிலைக்குத் தள்ளி, இரண்டாம் கியரில் நிலைநிறுத்திக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் அப்படியே; டிரைவ் நிலையில் விட்டால் பெட்டி மேல் கியருக்குப் போய்விட, எஞ்சினின் பிடிப்பு குறைந்து பிரேக்கைச் சூடாக்க நேரிடும். மேட்டில் நெரிசலில் நிற்கையில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் கிளட்சைத் தின்றுவிடும். பிரேக்கையோ கைப்பிரேக்கையோ பயன்படுத்துங்கள்; ஹில் ஹோல்ட் சில நொடிகளுக்கு மட்டுமே பிடிக்கும்.

எஞ்சினைப் பற்றியும் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. முந்தைய டிசையரில் 90 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும் நான்கு சிலிண்டர் இருந்தது. இதில் உள்ளது 82 பிஎஸ் தரும் மூன்று சிலிண்டர் எஞ்சின். ஏஎம்டிக்கு லிட்டருக்கு 25.71 கிலோமீட்டர் என்று சான்றளிக்கப்பட்ட மைலேஜ் இதனால்தான் கிடைக்கிறது. நின்ற நிலையில் தெரியும் லேசான அதிர்வும் இதனால்தான் வருகிறது. மென்மையே முக்கியம் என்றால் ஹோண்டா அமேஸின் சிவிடியையும் (படிப்படியான கியர் இல்லாத தானியங்கி) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான்கு சிலிண்டர், 90 பிஎஸ், 416 லிட்டர் டிக்கி. டிசையரின் டிக்கி 382 லிட்டர்தான். ஆனால் அமேஸ் சிவிடியின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 19.46 மட்டுமே. சிஎன்ஜி டிசையரை யாராவது பரிந்துரைத்தால், சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதையும் அது மேனுவல் கியரில் மட்டுமே வருகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் உங்கள் மாமியாரை அழைத்துப் போய்ப் பின் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். செடானில் இருக்கை தாழ்வாக இருக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது தெரியும்.

திண்டுக்கல் ஆசிரியை

இசட்எக்ஸ்ஐ ஏஎம்டிக்கு மாற்றிக் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். கையாளும் கட்டணத்தை நீக்க ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக ஒரு கேள்வி. அவர்கள் காட்டிய வண்டி 2025 ஆகஸ்டில் தயாரானது. வரி குறைவதற்கு முன் உற்பத்தியானது என்பதால் பழைய வரியைக் கேட்பார்களா?

வரிக்கணக்கர் (பதில்)

கேட்க முடியாது. ஜிஎஸ்டி விகிதத்தைத் தீர்மானிப்பது உங்களுக்கு விற்பனை செய்யப்படும் நாள். தயாரான மாதத்துக்கு அதில் வேலை இல்லை. முன்பதிவு செய்த அன்று சொன்ன விலையும் உங்களைக் காப்பாற்றாது. இன்வாய்ஸ் போடும் நாளின் விலையே செல்லும். ஆகவே முன்பணம் கட்டும் முன், எந்தத் தேதிக்குள் இன்வாய்ஸ் போடுவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஆகஸ்ட் வண்டி என்பதைக் காட்டித் தள்ளுபடி கேட்பதும் நியாயம்தான். பதிவுக்கு அனுப்பும் முன் நேரில் போய், சேஸிஸ் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட்டு, வெயிலில் நின்ற வண்டியாக இருந்தால் டயரையும் பேட்டரியையும் வண்ணப்பூச்சையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.