விறகடுப்புப் புகை மத்தியானத்தில மட்டும் குசினிக்குள்ள திரும்பி வருது, ஆராவது வழி சொல்லுங்கோ

கோண்டாவில்_வளவு
வணக்கம். மேசன் வேலை தெரிஞ்ச ஆக்களோ, ஒவ்வொரு நாளும் விறகில சமைக்கிற ஆக்களோ இருந்தா தயவுசெய்து வாசிச்சுப் பாருங்கோ. 2022இல காஸ் சிலிண்டருக்கு லைனில நிண்ட காலத்தில வீட்டுக்குப் பின்னால பத்தி (சாய்ப்பு) இறக்கிச் சின்னக் குசினி ஒண்டு போட்டனாங்கள், கல்லால இரட்டை அடுப்பு, சுவரோட சேத்துப் புகைக்கூடு. மாரியில ஒரு கரைச்சலும் இல்ல. சித்திரை கழிஞ்ச கையோட தொடங்கினது, காலமை புட்டு அவிக்கேக்க புகை ஒழுங்கா மேல போகுது, பதினொரு மணிக்குப் பிறகு சோறு கறிக்கு மூட்டினா முழுப் புகையும் அடுப்பு வாயால வெளிய வந்து குசினிக்குள்ளயே நிக்குது, கண் திறக்கேலாது. அம்மாவுக்கு முட்டு (மூச்சிழுப்பு) இருக்கு. ஆனா மீன்குழம்பு எண்டா மண்சட்டி, விறகு, அதை விட்டா வேற கதை இல்ல அவவுக்கு. காஸுக்கு மாறச் சொல்லி அவவோட மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்ல, அடுப்பை ஒழுங்காக்கிக் குடுக்கத்தான் விருப்பம். விறகு வேம்பும் பூவரசும், போன வருசம் தறிச்சது. புகைக்காக ஒரு எக்சோஸ்ட் ஃபானும் பூட்டினனாங்கள், அதுக்குப் பிறகு இன்னும் மோசம் மாதிரிக் கிடக்கு. பின் அடுப்பு சூடாகிறதும் குறைவு.

சுன்னாகத்து_அக்கா
தம்பி, முதல்ல விறகைப் பாருங்கோ. பச்சை விறகின்ர நிறையில பாதிக்குக் கிட்டத் தண்ணி, அந்தத் தண்ணி ஆவியாகிப் போகத்தான் நெருப்பின்ர சூடு செலவாகும், மிச்சம் புகை. போன வருசம் தறிச்சதெண்டாலும் முழுக்கட்டையா அடுக்கி வைச்சிருந்தா உள்ளுக்கு ஈரம் நிக்கும், பிளந்து காயவிடோணும். ரெண்டு துண்டை ஒண்டோட ஒண்டு தட்டிப் பாருங்கோ, காய்ஞ்சதெண்டா ணங்கெண்டு கேக்கும், ஈரமெண்டா மொத்தெண்டு கேக்கும், காய்ஞ்ச கட்டையின்ர வெட்டுமுகத்தில வெடிப்பும் ஓடியிருக்கும். மூட்டிறதுக்குக் காவோலையும் கொக்காரையும் போதும். பொச்சுமட்டை நனைஞ்சிருந்தா கிட்டவும் கொண்டு போகாதேங்கோ.

கோண்டாவில்_வளவு
நன்றி அக்கா. தட்டிப் பாத்தன், ணங்கெண்டுதான் கேக்குது. பிளந்துதான் அடுக்கி வைச்சிருக்கிறம்.

மேசன்_நீர்வேலி
விறகில பிழை இல்ல. காலமை எரிக்கிறதும் அதே விறகு, அதே அடுப்பு, அதே கை. காலமைக்கும் மத்தியானத்துக்கும் இடையில என்ன மாறுது எண்டுதான் பாக்கோணும், மாறுறது காத்து. சித்திரைக்குப் பிறகு எண்டு நீங்களே சொல்லிட்டீங்கள், அது சோளகம், தென்மேற்குக் காத்து, எழும்புற நேரம், வெயில் ஏற ஏறக் காத்தும் உரக்கும். எனக்கு மூண்டு விசயம் சொல்லுங்கோ: பத்தி வீட்டுக்கு எந்தப் பக்கம், புகைக்கூட்டின்ர தலை பெரிய வீட்டு முகட்டை விட உயரமோ பதிவோ, புகை வெளியேறுற ஓட்டை எந்தத் திசையைப் பாத்து நிக்குது?

கோண்டாவில்_வளவு
பத்தி வீட்டுக்கு வடக்கால அண்ணை. புகைக்கூடு பத்திக் கூரைக்கு மேல ரெண்டடி வரும், பெரிய வீட்டு முகடு அதை விட நல்லா உயரம். ஓட்டை தெற்குப் பக்கம், வீட்டைப் பாத்த மாதிரி.

மேசன்_நீர்வேலி
அப்ப விளங்கீற்று. சோளகம் தெற்கால, தென்மேற்கால வந்து உங்கட பெரிய வீட்டுக் கூரையில ஏறி முகட்டைத் தாண்டி வடக்குப் பக்கம் கீழ விழுது, விழுற இடத்தில சுழலும். அந்தச் சுழலுக்குள்ளதான் உங்கட புகைக்கூட்டுத் தலை நிக்குது. மேலால காத்து அமத்தினா சூட்டுப்புகைக்கு எழும்பப் பலம் காணாது, வந்த வழியால திரும்பும். வாடைக்காத்து வடக்கால வாறதால மாரியில பத்திக்கு முன்னால மறைப்பு ஒண்டும் இருக்கேல்ல, அதுதான் கரைச்சல் இல்லாமப் போனது. தலையை முகட்டுக்கு மேல ஆகக்குறைஞ்சது ரெண்டடி ஏத்துங்கோ. ஒரு பக்க ஓட்டையை அடைச்சுப்போட்டு நாலு பக்கமும் திறந்து, மழைக்கு மேல ஒரு பலகைக்கல்லைச் சின்னத் தூண்களில நிப்பாட்டி மூடுங்கோ. பழைய நாற்சார் வீடுகள் வழிய போய் நிமிந்து பாருங்கோ, அந்தக்கால மேசன்மார் புகைக்கூட்டுக்குச் சின்ன ஓட்டுக்கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்து விட்டிருக்கிறது சும்மா வடிவுக்கில்ல.

வடமராட்சி_மச்சான்
அவ்வளவு உயரத்துக்குக் கல்லுக்கட்ட நிறையச் செலவு வரும். ஆறு இஞ்சி பீவீசி பைப் ஒண்டைச் சொருகி விட்டா லேசான வேலை.

மேசன்_நீர்வேலி
பீவீசி வேண்டாம் மச்சான், அது 80 பாகைச் சூட்டிலயே இளகத் தொடங்கும், புகைக்கூட்டுக்குள்ள அதை விட எவ்வளவோ கூட வரும், உருகி எரிஞ்சா வாற புகை நஞ்சு. இருக்கிற கல்லுக்கட்டை அப்பிடியே விட்டுட்டு அதுக்கு மேல தகரவேலைக் கடையில சுருட்டின பைப்பை ஏத்துங்கோ, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினா சோளகத்துக்கு ஆடாது. கடற்காத்துக்குச் சாதாரணத் தகரம் கெதியா உக்கும், காசு பாக்காட்டி ஸ்ரெயின்லெஸ் போடுங்கோ. பத்திக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் எண்டா அதை வெட்டாதேங்கோ, துளைக்காதேங்கோ, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

ஆசுப்பத்திரி_வேலைக்காரி
அந்த ஃபானைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. ஃபான் குசினிக்குள்ள இருக்கிற காத்தை வெளிய தள்ளும், அந்தக் காத்துக்குப் பதிலாக எங்கயாலயோ காத்து உள்ள வரத்தானே வேணும்? யன்னலும் கதவும் சாத்தியிருந்தா அது வாற வழி புகைக்கூடுதான். அப்ப ஃபானே புகையை உள்ள இழுத்து விடுது. அடுப்பு மூட்டாம ஒரு ஊதுபத்தியைப் புகைக்கூட்டு வாயில பிடிச்சுப் பாருங்கோ, முதல் ஃபான் போட்டு, பிறகு நிப்பாட்டி, பிறகு யன்னலைத் திறந்து.

அம்மாவின்ர முட்டு வருத்தத்தை லேசா எடுக்காதேங்கோ. வீட்டுக்குள்ள விறகு, கரி, மண்ணெண்ணெய் எரிக்கிற புகையால 2020இல மட்டும் உலகத்தில 32 இலட்சம் பேர் செத்திருக்கினம் எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கு. எங்கட வாட்டில சிகரெட்டைத் தொட்டும் பாக்காத அம்மாமார் இழுத்து இழுத்து மூச்சு விடுறதை நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். வேலை முடியுமட்டும் மத்தியானச் சமையலை முத்தத்தில மூண்டு கல்லு வைச்சுச் செய்யட்டும், அவவைக் காத்து வாற பக்கம் இருத்துங்கோ. அலரிக் கட்டையையும் பெயின்ற் அடிச்ச பழைய கதவு நிலையையும் எந்த அடுப்பிலயும் வைக்கக்கூடாது, அதுகளின்ர புகை நஞ்சு.

கோண்டாவில்_வளவு
ஆசுப்பத்திரி அக்கா சொன்ன மாதிரியே ஊதுபத்தி பிடிச்சன். காத்து இல்லாத காலமை நேரம், யன்னல் சாத்தி ஃபானைப் போட்ட உடன ஊதுபத்திப் புகை கீழ வளைஞ்சு என்ர முகத்துக்கே வந்தது. ஃபானை நிப்பாட்டி வடக்கு யன்னலைத் திறக்க நேர மேல இழுபட்டுது. மத்தியானம் ஃபான் இல்லாமலும் விட்டு விட்டுக் கீழ அடிக்குது, அது மேசன் அண்ணை சொன்ன சோளகம்தான். பைப்புக்கு ஓடர் குடுத்திட்டன். அம்மாவை முத்தத்து மாமரத்துக்குக் கீழ சமைக்க விட்டிருக்கிறம், அவவுக்குச் சந்தோசம்.

பனங்கிழங்கு
பின் அடுப்பு சூடாகாததுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல எண்டபடியா நான் சொல்லுறன். முன் அடுப்பில இருந்து பின்னுக்குப் போற பொந்து தரை மட்டத்தில நேரப் போய்ப் புகைக்கூட்டுக்குள்ள திறந்தா சுவாலை சட்டியைத் தொடாமலே ஓடிப்போகும். பின் அடுப்புக்குள்ள களிமண்ணும் சாம்பலும் குழைச்சு ஒரு சின்ன மேடு எழுப்புங்கோ, சுவாலை அதில ஏறிச் சட்டியின்ர அடியில பட்டுப் பிறகுதான் புகைக்கூட்டுக்குப் போகோணும். மேட்டுக்கும் சட்டிக்கும் இடையில ஒண்டரை, ரெண்டு விரல் இடைவெளி காணும், அதை விடக் குறைஞ்சா புகை திணறும். 80களில இலங்கையில செய்து பரப்பின அனகி அடுப்பும் இந்த அமைப்புத்தான், ஒரு வாயில விறகு வைச்சு ரெண்டு சட்டி, களிமண்ணால வாத்தது, சுத்திவர மண் பூசினாச் சூடு வெளிய போகாது. புதுசாக் கட்டிற ஆக்கள் அதை விசாரிச்சு வாங்கலாம்.

ஊமல் (பனங்கொட்டைக் கோது) கிடைச்சா விடாதேங்கோ. சோறு கொதிச்சாப்பிறகு ரெண்டு மூண்டு ஊமலைத் தணலில போட்டா விறகு தள்ளாமலே கனநேரம் சூடு நிக்கும், பால்கறிக்கு அந்தச் சூடு அளவாயிருக்கும்.

சுன்னாகத்து_அக்கா
உண்மை. 90களில யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருக்கேக்க மண்ணெண்ணெய் விலை தொடேலாது, நாங்கள் மரத்தூள் அடுப்பிலதான் காலம் தள்ளினது. பெரிய ரின்னின்ர அடிப் பக்கத்தில ஒரு ஓட்டை வெட்டி, அதுக்குள்ளால ஒரு தடி, நடுவில ஒரு போத்தல், சுத்திவர மரத்தூளை இறுக்கி இறுக்கி அடைஞ்சு, தடியையும் போத்தலையும் மெல்லத் திருகி எடுத்தாப் புகை போற குழி அப்பிடியே நிக்கும். ஒருக்கா மூட்டினா ஒரு நேரச் சமையல் முடியும். தூள் ஈரமெண்டா மட்டும் குழி இடிஞ்சு நூந்துபோகும். எரியிற நேரம் அதையும் வெளிய வைச்சுத்தான் சமைக்கோணும்.

கோண்டாவில்_வளவு
பைப் ஏத்தியாச்சு, முகட்டுக்கு மேல ரெண்டடிக்குக் கொஞ்சம் கூட. ஃபானைக் கழட்டிப்போட்டு அந்த ஓட்டையைக் காத்து உள்ள வாற வழியா விட்டிட்டம். இண்டைக்குச் சோளகம் நல்லா அடிக்கேக்க மத்தியானம் மூட்டினது, முதல் கொஞ்ச நேரம் புகை தயங்கிச்சுது, பிறகு சுவாலையே பின்பக்கம் சரிஞ்சு இழுபட்டுது. பின் அடுப்பில மேடு எழுப்பினாப்பிறகு பருப்பு அதிலயே அவிஞ்சிட்டுது. அம்மா உள்ளுக்க நிண்டு சமைச்சா, இருமல் இல்ல. எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. கடைசியா ஒரு கேள்வி, அந்த முதல் தயக்கத்துக்கு என்ன செய்யலாம், பைப்பை எப்ப எப்பத் துப்பரவாக்கோணும்?

மேசன்_நீர்வேலி
பைப் குளிந்திருக்கேக்க உள்ளுக்க இருக்கிற காத்துப் பாரமா நிக்கும், அதாலதான் தயக்கம். ஒரு காவோலைத் துண்டைக் கொளுத்திப் புகைக்கூட்டு வாய்க்குக் கிட்டப் பிடிச்சு முதல் அந்தக் காத்தைச் சூடாக்குங்கோ, இழுக்கத் தொடங்கினாப்பிறகு அடுப்பை மூட்டுங்கோ. பைப்பில கரி படிஞ்சா வழி ஒடுங்கும், அந்தக் கரியில நெருப்புப் பிடிக்கவும் கூடும். வருசத்தில ரெண்டுதரம், மாரி தொடங்க முன்னம் ஒருக்கா, சோளகம் எழும்ப முன்னம் ஒருக்கா, அடுப்பு நல்லா ஆறின பிறகு, கயித்தில பொச்சுக்கட்டும் அதுக்குக் கீழ ஒரு கல்லும் கட்டி மேலால இறக்கி ஏத்தி உரஞ்சுங்கோ. கீழ விழுற கரியை அள்ளேக்க மூக்கு வாயைத் துணியால கட்டுங்கோ, அந்த நேரம் அம்மா குசினிப் பக்கம் வரவேண்டாம்.