ஆம்புலன்ஸில் காத்திருந்தவரை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தவரை முதலில் எடுத்தது சரியா?

தாம்பரம்வாசி:
2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது நடந்தது. சித்தப்பாவை ஆம்புலன்ஸில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், வாசலில் நீளமாக ஆம்புலன்ஸ் வரிசை. சாயங்காலம் போனவர்களுக்கு நடு இரவு தாண்டித்தான் பெட் கிடைத்தது. இடையில் ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள், உடனே ஸ்ட்ரெச்சர் வந்து அவரை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். சித்தப்பா பிழைத்துவிட்டார், பார்த்துக்கொண்டவர்கள் மேல் எங்களுக்கு நன்றி உண்டு. ஆனால் வீட்டில் இன்றும் "ஆள் தெரிந்தவர்களுக்குத்தான் பெட்" என்று பேச்சு வருகிறது. நம்பவும் முடியவில்லை, மறுத்துப் பேசவும் எனக்கு விவரம் போதவில்லை. அப்போது வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், யாரை முதலில் எடுப்பது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

நைட்டியூட்டி:
நான் அந்தச் சமயம் வேறொரு மாவட்டத்தில் ட்ரயாஜில், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் இடத்தில், இருந்த ஸ்டாஃப் நர்ஸ். உங்கள் சித்தப்பாவின் நிலையைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது, பொதுவாகச் சொல்கிறேன். அவசரப் பிரிவில் டோக்கன் வரிசை கிடையாது. நிலை எவ்வளவு மோசம் என்பதை வைத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்போம், சிவப்பு எப்போது வந்தாலும் முதலில் போகும். கொரோனாவில் முதலில் பார்த்தது இரண்டு எண்கள்: ஆக்சிஜன் வைக்காமல் விரலில் மாட்டும் கருவி காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது. 2021 ஏப்ரலில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி அந்த அளவு 90 முதல் 93 சதவீதம் வரை இருந்தாலோ மூச்சு 24 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ நடுத்தரம், 90க்குக் கீழே போனாலோ மூச்சு 30ஐத் தாண்டினாலோ தீவிரம். நன்றாகப் பேசிக்கொண்டே வருவார், கருவியை மாட்டினால் 78 காட்டும், அதனால் ஆளைப் பார்த்து முடிவு செய்யவே முடியாது.

அப்புறம் ஆட்டோ விஷயம். ஆம்புலன்ஸில் இருப்பவருக்கு மாஸ்க் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது, ஆட்டோவில் வந்தவருக்கு எதுவுமே இல்லை. இரண்டு பேரும் ஒரே நிலையில் இருந்து ஒரே ஓர் ஆக்சிஜன் பாயிண்ட் காலியானால் ஆட்டோவில் வந்தவருக்குத்தான் கொடுப்போம், இன்றைக்கும் நான் அதையேதான் செய்வேன்.

கோவை டிரைவர்:
சிஸ்டர் சொல்வது நியாயம், ஆனால் அது பாதிதான். நான் அப்போது தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டினேன். ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். "வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்ப வந்து சிலிண்டர் முள்ளையும் பார்க்கவில்லை, நோயாளியையும் பார்க்கவில்லை. சாயங்காலம் மஞ்சளாக இருந்தவர் ராத்திரி சிவப்பாகிவிடுவாரே, அதை யார் கவனிப்பது? வண்டி வாசலில் நின்றால் அடுத்த வீட்டில் மூச்சுத் திணறுகிறவருக்குப் போக வண்டி இல்லை என்பதும் இருக்கிறது. சென்னையில் மாநகராட்சி கார்களை ஆம்புலன்ஸாக விட்டார்கள், ராஜீவ் காந்தி மருத்துவமனையில் 'ஜீரோ டிலே' வார்டு தொடங்கி வந்தவுடன் ஆக்சிஜன் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய மாதம் அது, இந்த ஏற்பாடெல்லாம் முதல் அலை முடிந்த கையோடு தயாராக இருந்திருக்க வேண்டும்.

நைட்டியூட்டி:
அண்ணா, மறுபடி பார்க்காதது தப்புதான், ஆள் குறைவு என்று சொல்லி அதை நியாயப்படுத்த மாட்டேன். ட்ரயாஜ் என்பது வாசலில் ஒரு தடவை கலர் ஒட்டிவிடுவதல்ல, காத்திருப்பவரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒருவரை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும்.

மதுரைக்காரி:
இந்தப் பேச்சில் வராமலே போனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி, "போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும்" என்று வீட்டிலேயே இரண்டு நாள் படுத்திருந்தார், போனபோது இதயம் பாதி பழுதாகிவிட்டது. இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 2020 ஏப்ரலை ஒட்டிய நான்கு வாரங்களில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் குறைந்தார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொன்னது. அங்கே கொரோனாவுக்காக அவசரநிலை அறிவித்த பிறகான பத்து வாரங்களில் மாரடைப்புக்கு வந்தவர்களும் அதற்கு முந்தைய பத்து வாரங்களைவிட 23 சதவீதம் குறைவு. மாரடைப்பு வருவது திடீரென்று அவ்வளவு குறைந்துவிடுமா என்ன? பயத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். "நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் உடனே வாருங்கள், உங்களுக்குத் தனி வழி" என்று கொரோனா எண்ணிக்கை சொன்ன அதே சத்தத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

தாம்பரம்வாசி:
நன்றி சிஸ்டர், அண்ணா, அக்கா. ஆட்டோவில் வந்தவருக்கு ஆக்சிஜன் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை, வீட்டில் இதைச் சொல்கிறேன். எங்கள் வண்டியையும் யாரும் வந்து மறுபடி பார்க்கவில்லை. இனி இப்படி ஒரு நிலை வந்தால் கூட இருப்பவர் என்ன செய்யலாம்?

நைட்டியூட்டி:
"பெட் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். எண்களைச் சொல்லுங்கள்: மாஸ்க் இல்லாமல் எவ்வளவு இருந்தது, இப்போது எத்தனை லிட்டரில் எவ்வளவு, மூச்சு எத்தனை, சர்க்கரை இருக்கிறதா. மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணிப் பெருக்காதீர்கள். கால் மணிக்கு ஒருமுறை நேரத்தோடு தாளில் எழுதுங்கள், அளவு இறங்கினாலோ பேச்சு குழறினாலோ அந்தத் தாளோடு நேராக ட்ரயாஜ் மேசைக்குப் போய்க் காட்டுங்கள்.